பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸுக்கு டூயல் கோர் பிராசசர் பயன் தருமா? சோதித்து முடிவெடுக்கும் வழி

ஆன்டிவைரஸ் ஸ்கேன் தொடங்கியதும் கணினி தள்ளாடினால், பலரும் முதலில் குறை சொல்வது பிராசசரைத்தான். டூயல் கோர் பிராசசரில் கோர் எனப்படும் கணக்கீட்டு அலகுகள் இரண்டு உண்டு; ஒரு கோர் ஸ்கேனைப் பார்த்துக்கொள்ளும், மற்றொரு கோர் நம் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பாதுகாப்பு மென்பொருள் செய்யும் வேலைகளில் சிலவற்றுக்கு இரண்டாவது கோர் பெரிதும் கைகொடுக்கும், வேறு சிலவற்றுக்கு எத்தனை கோர் இருந்தாலும் தாமதம் குறையாது. ஆகவே உங்கள் கணினியில் ஏற்படுவது எந்த வகைத் தாமதம் என்பதைக் கண்டறிந்த பிறகே, இருப்பதைச் சீரமைத்துக்கொள்வதா, புதிதாக வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்துவது விண்டோஸ் என்பதால் இங்கே சொல்லப்படும் படிகள் அதையே மையமாகக் கொண்டவை. லினக்ஸ் பற்றி ஒரு பத்தி இடையில் வருகிறது.

இரண்டாவது கோர் உதவும் இடம்

ஒரே கோர் கொண்ட சாதாரண பிராசசரில் ஒரு நேரத்தில் ஒரு திரெட், அதாவது ஒரு மென்பொருளின் ஒரு வேலைத்தொடர், மட்டுமே ஓட முடியும். சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை இயங்குதளம் ஒன்றை நிறுத்தி அடுத்ததை ஓடவிடுவதால்தான், எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. முழு ஸ்கேன் என்பது சுருக்கப்பட்ட கோப்புகளை விரிப்பது, அவற்றின் உள்ளடக்கத்தைத் தீம்பொருள் அடையாளங்களோடு ஒப்பிடுவது, சந்தேகத்துக்குரிய நிரலைப் பாவனைச் சூழலில் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது எனத் தொடர்ச்சியான கணக்கீடு. இத்தகைய வேலை ஒற்றைக் கோரில் ஓடும்போது, நீங்கள் அழுத்திய விசை திரையில் எழுத்தாக வருவதற்குக்கூட அது தன் முறைக்காகக் காத்திருக்க நேரிடும்.

இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 ஆகியவை 2005 மே மாதத்தில் வெளிவந்து, டூயல் கோரை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. பின்னணி ஸ்கேன் ஓடும்போதும் கணினி சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அக்காலத்தில் அவற்றுக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று; அது மிகையன்று. அன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரு திரெட்டையே நம்பி இயங்கியதால், இரண்டாவது கோர் உண்மையிலேயே சும்மா இருந்தது. அந்த இடத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்டது.

இன்று நிலைமை அப்படி இல்லை. இப்போதைய பிரவுசர்கள் வெவ்வேறு இணையதளங்களைத் தனித்தனிப் பிராசஸாக, அதாவது தனித்தனியாக இயங்கும் நிரல்களாக, பிரித்து ஓட்டுகின்றன. குரோம் பிரவுசர் 2018-இல் தன் 67-ஆம் பதிப்பிலிருந்து மேசைக் கணினிகளில் இதை இயல்பு நிலையாக்கியது. வீடியோ அழைப்பு, மேகச் சேமிப்பின் ஒத்திசைவு, விண்டோஸ் அப்டேட் ஆகிய எல்லாமே கோர்களைத் தேடுகின்றன. ஸ்கேனுக்கென்று ஒதுங்கி நிற்கும் கோர் எதுவும் டூயல் கோர் கணினியில் இப்போது இருப்பதில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியபோது கிடைத்த ஆதாயம் மிகப் பெரியது என்பதிலும், அந்த ஆதாயத்தின் பெரும்பகுதியை நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டன என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

எத்தனை கோர் இருந்தாலும் உதவாத இடம்

நிகழ்நேரப் பாதுகாப்பு என்பது ஸ்கேனைவிட வேறுபட்ட வேலை. நீங்கள் ஒரு விரிதாள் கோப்பை இருமுறை சொடுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பைத் திறக்கும்படி விரிதாள் மென்பொருள் விண்டோஸிடம் கேட்கிறது. அந்தக் கோரிக்கை கோப்பு முறைமையைச் சென்றடையும் வழியில், ஆன்டிவைரஸின் வடிகட்டி டிரைவர் (விண்டோஸுக்குள் அமர்ந்து கோப்புக் கோரிக்கைகளைக் கண்காணிக்கும் நிரல்) அதை இடைமறிக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் ஸ்கேன் எஞ்சினுக்குத் தரப்படுகிறது. எஞ்சின் பார்த்து முடித்து, தீங்கில்லை என்று சொன்ன பிறகே கோரிக்கை மேலே செல்கிறது. அதுவரை விரிதாள் மென்பொருளின் அந்தத் திரெட் எதையும் செய்யாமல் நிற்கிறது.

இங்கே ஸ்கேன் எஞ்சின் மற்றொரு கோரில் ஓடினாலும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஏனெனில் முதல் கோரில் இருப்பவர் இரண்டாவது கோரில் இருப்பவரின் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார். இந்தத் தாமதத்தைக் குறைப்பது கோர்களின் எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு கோரின் தனி வேகமும், கோப்பை எடுத்துத் தரும் வட்டின் வேகமும்தான். ஒருமுறை பார்த்த கோப்பின் முடிவை ஆன்டிவைரஸ் நினைவில் வைத்துக்கொள்வதால், அதே கோப்பை இரண்டாம் முறை திறக்கும்போது இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கும் மென்பொருள் நிறுவல், நிரல் தொகுப்பு போன்ற வேலைகளில்தான் அது துலக்கமாக உணரப்படும்.

வட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய கணினிகளில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் அதுதான். நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அதில் பாதி, அதனுடன் தலை நகரும் நேரமும் சேர்கிறது. ஆக, வட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. முழு ஸ்கேன் கேட்பது அத்தகைய சிதறிய வாசிப்பைத்தான். அதே நேரத்தில் உங்கள் மென்பொருளும் வட்டைக் கேட்டால், இரண்டு பேர் ஒரே குறுகலான வாசலில் முட்டி மோதுவதற்கு ஒப்பாகிவிடும். உள்ளே எத்தனை அறைகள் இருந்தாலும் வாசல் ஒன்றே. சுழலும் பாகங்கள் இல்லாத வட்டான எஸ்எஸ்டி இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்வதால், அதற்கு மாறியதும் டூயல் கோர் கணினிகள் புத்துயிர் பெற்றதுபோல் நடந்துகொள்கின்றன.

ரேமும் கவனிக்கப்பட வேண்டியது. ஆன்டிவைரஸ் தன் அடையாளத் தரவுகளைப் பெரும்பாலும் ரேமில் ஏற்றி வைத்திருக்கும். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் பிரவுசரும் திறந்திருந்தால், இடப்பற்றாக்குறையால் விண்டோஸ் ரேமில் இருப்பதை வட்டுக்கு மாற்றி எழுதத் தொடங்கும், மறுபடியும் சுமை வட்டின் தலையிலேயே விழும்.

உங்கள் கணினியில் எது நடக்கிறது என்று பார்க்கும் முறை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். கோர்கள் எத்தனை, லாஜிக்கல் பிராசசர்கள் எத்தனை என்று கீழே தனித்தனியாகக் காட்டப்படும். கோர்கள் 2, லாஜிக்கல் பிராசசர்கள் 4 என்றிருந்தால், அது ஹைப்பர் திரெடிங் கொண்ட டூயல் கோர். ஒவ்வொரு கோரும் தன் கணக்கீட்டு உறுப்புகளை இரண்டு திரெட்டுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறதே அன்றி, அது நான்கு கோருக்கு நிகராகாது. பிறகு வரைபடத்தின் மீது வலது சொடுக்கு செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆன்டிவைரஸில் ஒரு முழு ஸ்கேனைத் தொடங்கிவிட்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே இந்த வரைபடங்களைக் கவனியுங்கள். ஹைப்பர் திரெடிங் இல்லாத டூயல் கோரில் ஒரு திரெட் ஒரு கோரை முழுமையாக எடுத்துக்கொண்டால், மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடு என்றே காட்டும். இங்கே ஏமாறுவது எளிது: விண்டோஸ் அந்தத் திரெட்டை இரு கோர்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்பினால், இரண்டு வரைபடங்களும் பாதி உயரத்தில் நிற்கும், பார்ப்பவருக்கு இரண்டிலும் பாதி இடம் காலியாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்தத் திரெட் தன்னால் இயன்ற முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் கோர்களைக் கொடுத்தாலும் அது வேகமெடுக்காது.

அடுத்து அதே பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். பயன்பாட்டு நேரம் 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது, ஆனால் வாசிக்கும் வேகமோ நொடிக்கு ஓரிரு எம்பி மட்டுமே, அந்த நேரத்தில் சிபியு 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றால், உங்கள் தாமதம் முழுக்க முழுக்க வட்டினுடையது. சிபியு தொடர்ந்து 90-க்கு மேல் நிற்க, வட்டு ஓய்வாக இருந்தால் மட்டுமே கோர் போதவில்லை என்று சொல்ல முடியும். இரண்டும் நடுவிலேயே ஊசலாடி, கணினி மட்டும் மந்தமாக இருந்தால் மெமரியைப் பாருங்கள்.

மின்விசிறி இல்லாத மெல்லிய லேப்டாப்பாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிபியு பக்கத்தில் காட்டப்படும் தற்போதைய வேகத்தை அடிப்படை வேகத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்கேன் தொடங்கிச் சில நிமிடங்களில் முன்னது பின்னதற்குக் கீழே இறங்கிவிட்டால், வெப்பத்தைச் சமாளிக்க பிராசசர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஒரு கோரை அணைத்துவிட்டுச் சோதித்தல்

இரண்டாவது கோர் எவ்வளவு உழைக்கிறது என்பதை நேரடியாக அளக்கவும் வழி உண்டு. ஸ்டார்ட் தேடலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்பதைத் திறந்து, பூட் பகுதிக்குச் சென்று, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால், பிராசசர்களின் எண்ணிக்கையை நீங்களே குறிப்பிடும் இடம் வரும். அதில் 1 என்று வைத்து மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் ஒரே ஒரு லாஜிக்கல் பிராசசரோடு எழும். இந்த எண் லாஜிக்கல் பிராசசரைத்தான் குறிக்கிறது என்பதால், ஹைப்பர் திரெடிங் உள்ள கணினியில் 2 என்று வைத்துவிட்டு இரண்டு கோரையும் சோதித்ததாக எண்ணிவிடக் கூடாது. ஒரே கோரின் இரு பாதிகளாக அவை இருக்கக்கூடும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், பூட் அமைப்பில் கைவைக்கும் முன் அதன் மீட்புச் சாவியைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

அளக்கும்போது ஒரே வேலையையே இரு நிலைகளிலும் செய்யுங்கள். நிறைய கோப்புகள் கொண்ட ஒரு கோப்புறையை ஸ்கேன் செய்யவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய ஆவணத்தைத் திறந்து, அது திரையில் முழுமையாக வர எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அளவைக்கும் முன் கணினியை மறுதொடக்கம் செய்யாவிட்டால் முடிவுகள் செல்லாது, ஏனெனில் முதல் முறை படித்த கோப்புகள் ரேமில் தங்கிவிடுவதால் இரண்டாம் முறை எல்லாமே வேகமாகத்தான் தெரியும். மறுதொடக்கம் ஆனவுடன் விண்டோஸ் தன் சொந்த வேலைகளில் மும்முரமாக இருக்கும் என்பதால், அது அடங்கும்வரை சிறிது நேரம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு கோருக்கும் இரண்டு கோருக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்பட்டால், உங்கள் வேலைக்குக் கணக்கீட்டுத் திறன் முக்கியம் என்று பொருள். மேலும் கோர்கள் கிடைத்தால் இன்னும் ஓரளவு பயன் இருக்கும். வேறுபாடு சொற்பம் என்றால் நான்கு கோர் வாங்கியும் ஏமாற்றமே மிஞ்சும். சோதனை முடிந்ததும் அந்த எண்ணிக்கைத் தேர்வின் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க மறக்க வேண்டாம்.

டூயல் கோரை வைத்துக்கொண்டே சமாளிக்க

திட்டமிட்ட ஸ்கேனின் நேரத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்கு டாஸ்க் ஷெட்யூலரில் தனிப் பணி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்ற வரிசையில் கோப்புறைகளைத் திறந்தால் அதைக் காணலாம். கணினி இயங்கிக்கொண்டிருக்கும், ஆனால் நீங்கள் அதன் முன் இல்லாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பை இரவில் மூடி வைப்பவர்கள் நள்ளிரவைத் தேர்ந்தெடுத்தால், தவறவிட்ட ஸ்கேன் மறுநாள் காலை வேலை தொடங்கும்போது வந்து நிற்கக்கூடும்.

டிஃபெண்டர் ஸ்கேனின்போது சிபியுவை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 50 விழுக்காடு. குரூப் பாலிசி எடிட்டரில் டிஃபெண்டரின் ஸ்கேன் பிரிவில் இதை மாற்றலாம். அந்த எடிட்டர் இல்லாத ஹோம் பதிப்பில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல் வழியே மாற்ற வேண்டும். டூயல் கோரில் 20 முதல் 30 வரை வைப்பது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ஸ்கேன் முடிய நெடுநேரம் ஆகும், ஆனால் ஓடுவதே தெரியாது. இது சராசரியைக் கருத்தில் கொண்ட வழிகாட்டுதலே தவிர, தாண்டவே முடியாத எல்லை அன்று. நீங்களாகவே தொடங்கும் ஸ்கேனும், கணினி ஓய்வாக இருக்கும்போது ஓடும் ஸ்கேனும் இயல்பு நிலையில் இதற்குக் கட்டுப்படுவதில்லை. முந்தைய சோதனையில் நீங்கள் கண்ட சிபியு அளவு திட்டமிட்ட ஸ்கேனில் வருவதைவிட அதிகமாக இருந்திருக்கக்கூடும் என்பதையும் இதனால் மனத்தில் கொள்ள வேண்டும். நிகழ்நேரப் பாதுகாப்புக்கும் இந்த அமைப்புக்கும் தொடர்பில்லை.

ஆன்டிவைரஸின் பிராசஸை ஒரு குறிப்பிட்ட கோரில் மட்டும் ஓடும்படி டாஸ்க் மேனேஜரில் கட்டிப்போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தீம்பொருள் தன்னை முடக்கிவிடாமல் இருக்க ஆன்டிவைரஸ் தன் பிராசஸைப் பூட்டி வைப்பதால், டிஃபெண்டர் உள்ளிட்டவற்றில் அனுமதி மறுக்கப்படும். மறுக்கப்படாத மென்பொருளிலும் இதனால் நன்மை இல்லை. எந்தக் கோர் எப்போது காலியாக இருக்கிறது என்பது விண்டோஸுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கோர் இரண்டு இருக்கிறதே என்று ஆன்டிவைரஸையும் இரண்டாக நிறுவுவது வீண் வேலை. இரண்டின் வடிகட்டிகளும் ஒரே கோப்புக் கோரிக்கையின் பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துகொள்வதால், காத்திருப்பு இரண்டும் கூட்டப்படுகிறதே தவிரப் பங்கிடப்படுவதில்லை. ஒன்றையொன்று சந்தேகித்து மோதிக்கொள்ளவும் கூடும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டால் வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

விலக்குப் பட்டியலைப் பொறுத்தவரை கைச்சிக்கனம் வேண்டும். நிரலாளர்கள் தங்கள் தொகுப்புக் கோப்புறையையும், மெய்நிகர்க் கணினி வைத்திருப்போர் அதன் வட்டுக் கோப்பையும் விலக்கினால் பெரும் வேறுபாடு தெரியும். பதிவிறக்கக் கோப்புறையையோ தற்காலிகக் கோப்புறையையோ விலக்குவது, திருடன் வரும் வழியில் காவலை எடுத்துவிடுவதாகும். இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கூடுதல் வசதி ஆன்டிவைரஸில் இருந்தால், குறியாக்கத்தை அவிழ்த்து மீண்டும் பூட்டும் வேலை பிராசசர் மீது விழும். குறியாக்கத்துக்கான தனிக் கட்டளைகளை இன்டெல் தன் பிராசசர்களில் 2010-இல்தான் சேர்த்தது என்பதால், அதற்கு முந்தைய டூயல் கோர்களில் இதையும் விபிஎன்னையும் ஒன்றாக ஓட்டினால் இணைய வேகமே குறைவது தெரியும். ஃபயர்வாலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அதன் சுமை மிகக் குறைவு.

லினக்ஸில் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாம்ஸ்கேன் என்ற கட்டளை ஒரே திரெட்டில் ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் அடையாளத் தரவு முழுவதையும் புதிதாக ஏற்றுகிறது. ஆகவே இரண்டாவது கோர் உங்களுக்கே மிஞ்சும், ஸ்கேன் மட்டும் மெல்லச் செல்லும். பின்னணிச் சேவையான கிளாம்டி பல திரெட்டுகளில் ஓட வல்லது, ஆனால் 1 ஜிபி அளவுக்கு ரேமை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

புதிதாக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஒற்றைக் கோர் கணினியிலிருந்து மாறுவது பற்றியே பேச்சு என்றால், டூயல் கோர் பயன் தருமா என்ற கேள்விக்கே இடமில்லை. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் இரண்டு கோர், 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு ஆகியவற்றைக் கேட்கிறது. ஏற்கெனவே டூயல் கோரும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் ஒன்றை மட்டுமே மாற்ற முடியும் என்றால், எஸ்எஸ்டிக்கு மாறுவதைத்தான் நான் முதலில் சொல்வேன், அதன் பிறகு 8 ஜிபி ரேம், கோர்கள் மூன்றாவதாகத்தான். புதிய கணினியே வாங்குவதானால் நான்கு கோருக்குக் குறைந்ததைப் பார்க்க வேண்டாம். ஸ்கேனுக்காக அன்று, ஸ்கேன் ஓடும்போது பிரவுசருக்கு இடம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக.

பயன்படுத்திய லேப்டாப் வாங்குவோர் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. மெல்லிய லேப்டாப்புகளுக்கான இன்டெலின் குறைமின் வரிசையில், 2017 ஆகஸ்டில் எட்டாம் தலைமுறை வரும்வரை, ஐ5, ஐ7 என்ற பெயரில் விற்கப்பட்டவையும் டூயல் கோரே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை, கோர் எண்ணிக்கையில் தகுதி பெற்றும், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள விண்டோஸ் 11 பிராசசர் பட்டியலில் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தின் மேல் எத்தனை நல்ல ஆன்டிவைரஸை ஓட்டினாலும், ஓட்டை அதற்குக் கீழேயே இருக்கும். மேலும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலைக் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற வசதிக்குத் தேவையான வன்பொருள் துணை, இன்டெலில் ஏழாம் தலைமுறையிலும் ஏஎம்டியில் ஜென் 2 வடிவமைப்பிலும்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அதே வேலையை விண்டோஸ் மென்பொருளால் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் வேகம் கூடுதலாகக் குறைகிறது. ஆகவே விற்பவர் கணினியைக் காட்டும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, பிராசசரின் முழு மாடல் எண்ணையும் கோர்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அந்த மாடல் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குங்கள்.